ஆவி உலக கார்டு கேம் மக்கர் பண்ணுதா? அறிகுறிய வச்சு சரிபண்ற வழி

ஆவி உலகத்துல சுத்திக்கிட்டு, கார்டு சேத்து டெக் கட்டி, டர்ன் டர்னா சண்டை போடுற கேம்ல ஏதாவது கோளாறு வந்தா பாதிப்பேர் முதல்ல செய்யுறது அன்இன்ஸ்டால் பண்ணிட்டு திரும்பப் போடுறதுதான். தயவுசெஞ்சு அத கடைசியா வச்சுக்கோங்க. கேம் ஃபைல் எத்தன தடவ வேணா டவுன்லோட் ஆகும், ஆனா பாத்துப் பாத்து சேத்த டெக்கு, போராடித் திறந்த ஆவிங்க, நடுவுல நிக்குற ரன்னு (ஆரம்பத்துலருந்து முடிவு வரைக்கும் ஆடுற ஒரு ஆட்டம்), இது எல்லாமே ஒரு சின்ன சேவ் ஃபைல்ல இருக்கு, அது போச்சுன்னா திரும்பி வராது. தெரிஞ்சவங்களுக்கு பாத்துக் குடுக்குறப்ப கோளாறால போன ரன்ன விட, கோளாற சரிபண்றேன்னு அவசரப்பட்டு அழிஞ்ச ரன்னுதான் அதிகமா கண்ணுல படுது.

கீழ இருக்குறது விண்டோஸ் பிசி, ஸ்டீம்ல வாங்குன கேம்னு வச்சு எழுதுனது. உங்க அறிகுறி எதுவோ அங்க நேரா போங்க, ஆனா இந்த முதல் பகுதிய மட்டும் தாண்டாதீங்க.

எதையும் தொடுறதுக்கு முன்னாடி: சேவும் லாகும் காப்பி எடுங்க

கேம் ஃபோல்டர்ல யூனிட்டிபிளேயர்னு ஒரு டிஎல்எல் ஃபைல் இருந்தா அது யூனிட்டில செஞ்ச கேம். சேவ் பெரும்பாலும் ஆப்டேட்டாவுக்குள்ள லோக்கல்லோ ஃபோல்டர்ல, கேம் செஞ்ச ஸ்டூடியோ பேருக்குள்ள இருக்கும். கோடோ இன்ஜின்ல செஞ்சதுன்னா ஆப்டேட்டாவுக்குள்ள ரோமிங்ல தேடுங்க. ஆப்டேட்டா மறைஞ்ச ஃபோல்டர், எக்ஸ்ப்ளோரர்ல வியூ மெனுவுக்குப் போய் ஹிட்டன் ஐட்டம்ஸ் டிக் பண்ணாத்தான் கண்ணுக்கே தெரியும். சில கேம் சேவ இன்ஸ்டால் ஃபோல்டருக்குள்ளயே வச்சிடும், ஸ்லே தி ஸ்பயர்ங்குற கார்டு கேம் அப்படித்தான், அந்த மாதிரி கேம்ல ஃபோல்டர கையால டெலீட் பண்ணா சேவும் சேந்து போயிடும். எந்த இடமா இருந்தாலும் அந்த ஃபோல்டர அப்படியே தூக்கி டெஸ்க்டாப்ல ஒரு காப்பி போட்டு, பேர்ல தேதி போட்டு வைங்க.

அதே லோக்கல்லோ ஃபோல்டர்ல பிளேயர்னு ஒரு லாக் ஃபைலும், பிளேயர் ப்ரெவ்னு இன்னொண்ணும் இருக்கும். முதல் ஃபைல் கடைசியா கேம் ஓடுனதோட பதிவு, ரெண்டாவது அதுக்கு முந்துனது. ஒவ்வொரு தடவ கேம திறக்குறப்பவும் இது மேல மேல எழுதிடும். அதனால கேம் க்ராஷ் ஆன உடனே பதட்டத்துல நாலு தடவ திறந்து திறந்து பாத்தா, என்ன ஆச்சுன்னு சொல்ற ஒரே சாட்சியும் அழிஞ்சிடும். க்ராஷ் ஆச்சா, மறுபடி திறக்காம முதல்ல லாக காப்பி எடுங்க.

ஃபோன்ல ஆடுறவங்களுக்கு ஒரே ஒரு விஷயம்: செட்டிங்ஸ்ல க்ளியர் கேஷ் அமுக்கலாம், க்ளியர் டேட்டா அமுக்கக்கூடாது. ரெண்டும் பக்கத்துல பக்கத்துலயே இருக்கும்.

அறிகுறி: ப்ளே அமுக்குனா கேம் திறக்கல

ஸ்டீம்ல பட்டன் ஸ்டாப்னு மாறி அப்படியே நிக்குது, விண்டோ வரலன்னா

பழைய கேம் உள்ளுக்குள்ள சாகாம ஓடிட்டு இருக்கு. டாஸ்க் மேனேஜர் திறந்து கேம் பேர தேடி என்ட் டாஸ்க் குடுங்க. போகலன்னா பிசிய ரீஸ்டார்ட் பண்ணுங்க, ஷட்டவுன் பண்ணி ஆன் பண்றது இல்ல, ரீஸ்டார்ட்டே பண்ணுங்க, ஏன்னா விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா ஷட்டவுன் எல்லாத்தையும் முழுசா கழுவாது.

பட்டன் மாறுன கையோட திரும்ப ப்ளேன்னு வந்துட்டா

1. கேம் மேல ரைட் க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், இன்ஸ்டால்டு ஃபைல்ஸ், அங்க வெரிஃபை. ஒடஞ்ச ஃபைல மட்டும் அதுவே மாத்திக்கும், திரும்ப இன்ஸ்டால் பண்ண வேண்டிய அவசியம் இதுலயே பெரும்பாலும் தீந்துடும்.

2. மாட் (கேம மாத்துறதுக்கு வெளியாளுங்க செஞ்ச கூடுதல் ஃபைல்) போட்டிருந்தா அத எடுங்க. இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. யூனிட்டி கேம்களுக்கு மாட் ஏத்துற பெப்பின்எக்ஸ், கேம் ஃபோல்டர்ல வின்எச்டிடிபினு ஒரு டிஎல்எல் ஃபைல வச்சுத்தான் உள்ள நுழையுது. அது கேமோட சொந்த ஃபைல் இல்லங்குறதால வெரிஃபை பண்ணாலும் அது அங்கயே உக்காந்திருக்கும், "நான் வெரிஃபை பண்ணிட்டேன், சுத்தமாத்தான் இருக்கு"ன்னு நெனச்சுக்கிட்டு இருப்பீங்க. அந்த ஃபைல் பேர மாத்திட்டு திறந்து பாருங்க. கேம் அப்டேட் வந்த மறுநாள் திறக்கலன்னா முதல் சந்தேகம் இதுமேலதான் போகணும்.

3. ஆன்டிவைரஸ் சந்தேகப்பட்டு அடைச்சு வச்ச ஃபைல காட்டுற குவாரன்டைன் பட்டியல பாருங்க. கேம் பேர் அங்க இருந்தா ரீஸ்டோர் குடுத்து, அந்த ஃபோல்டருக்கு விலக்கு குடுங்க.

4. மைக்ரோசாஃப்ட் தளத்துலருந்து விஷுவல் சி ப்ளஸ் ப்ளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள், 32 பிட் 64 பிட் ரெண்டும் போடுங்க. அதுக்கப்புறம் கிராஃபிக்ஸ் டிரைவர் அப்டேட்.

இவ்வளவும் பண்ணியும் வரலன்னா லாகோட டெவலப்பர்கிட்ட போங்க. ஒண்ணு மட்டும் கவனம், ஸ்டீம்ல பணம் திரும்பக் கேக்கணும்னா வாங்குன 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குள்ள ஆடியிருக்கணும், நீங்க வெறும் கருப்பு ஸ்க்ரீன பாத்துக்கிட்டு உக்காந்திருக்குற நேரமும் கேம் ஓடுன நேரமாத்தான் ஏறும். அதனால சோதிக்குறப்ப திறந்து வச்சிட்டு வேற வேலைக்குப் போகாதீங்க.

அறிகுறி: கேம் திறக்குது, ஆனா இருட்டு

சத்தம் வருது, படமே இல்லன்னா

ஆல்ட்டும் என்டரும் சேத்து அமுக்குங்க, ஃபுல்ஸ்க்ரீன்லருந்து விண்டோவுக்கு மாறும். ரெண்டு மானிட்டர் இருந்தா விண்டோஸ் கீ, ஷிஃப்ட், அம்புக்குறி சேத்து அமுக்கிப் பாருங்க, கேம் அணைஞ்சு கெடக்குற மானிட்டர்ல போய் திறந்திருக்கும். டிஸ்கார்ட், ஸ்டீம், ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்னு கேம் மேல எதையாவது காட்டுற ஓவர்லே எது இருந்தாலும் அணைங்க. அதுக்கும் மசியலன்னா ஸ்டீம் லாஞ்ச் ஆப்ஷன்ல டைரக்ட்எக்ஸ் 11ல திறக்கச் சொல்லலாம், யூனிட்டி கேம்னா ஹைஃபன் ஃபோர்ஸ் ஹைஃபன் டி3டி11னு நடுவுல இடைவெளி விடாம ஆங்கிலத்துல அடிக்கணும். பலனில்லன்னா அத அழிச்சிடுங்க, அப்புறம் அங்க இருக்குறதே மறந்துபோய் வேற கோளாறுக்கு அதுவே காரணமாகும்.

அறிமுக வீடியோ வர்ற இடத்துல மட்டும் கருப்பாகி நின்னா

உங்க விண்டோஸ் என் எடிஷனான்னு செட்டிங்ஸ்ல அபவுட் பக்கத்துல பாருங்க. அந்த எடிஷன்ல வீடியோ ஓட்டுற பாகமே கிடையாது, ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்ல மீடியா ஃபீச்சர் பேக் சேத்து ரீஸ்டார்ட் பண்ணாப் போதும். இத தெரியாம கிராஃபிக்ஸ் கார்டு மாத்துற வரைக்கும் யோசிச்சவங்க இருக்காங்க.

படம் வருது, ஆனா ஒண்ணுமே தெரியலன்னா

ஆவி உலக கேம்னாலே மூடுபனி, கருநீலம், மங்குன விளக்குன்னுதான் வரைவாங்க, அதுதான் அழகே. ஆனா விண்டோஸ்ல எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் காட்டுற வசதி) ஆன்ல இருந்து மானிட்டர் அதுக்கு சுமாரா இருந்துச்சுன்னா அந்த மூடுபனி முழுக்க சாம்பலா அப்பிடும், இல்லன்னா கார்டுல இருக்குற எழுத்து கூட இருட்டுல முழுகிடும். விண்டோஸ் கீ, ஆல்ட், பி சேத்து அமுக்குனா எச்டிஆர் அணையும். அதுக்கப்புறம்தான் கேமுக்குள்ள காமா, பிரைட்னஸ் எதையும் தொடணும்.

அறிகுறி: என்ட் டர்ன் அமுக்குனா ஒண்ணும் நடக்கல

இந்த வகை கேமுக்குன்னே பொறந்த கோளாறு இது. மியூசிக் ஓடும், ஆவி மேலயும் கீழயும் மிதந்துக்கிட்டே இருக்கும், மவுஸ வச்சா கார்டு தூக்கிக்கும், ஆனா டர்ன் மட்டும் நகராது. பாஸ் சண்டைல நல்ல டெக்கோட இருக்குறப்ப இது வந்தா வர்ற வெறுப்பு இருக்கே, அந்த நேரத்துல கேம பட்டுன்னு மூடுற ஆல்ட் எஃப்4 அடிக்கத்தான் கை போகும். அடிக்காதீங்க, இந்த வரிசைல போங்க.

முதல்ல கேம் உங்களுக்காக காத்திருக்கான்னு பாருங்க

கையில இருக்குற கார்டுல ஒண்ண தூக்கிப் போடு, ரெண்டுல ஒரு ஆவிய தேர்ந்தெடுன்னு ஒரு கேள்வி திறந்திருக்கும், அது ஸ்க்ரீனுக்கு வெளிய போயிருக்கும் இல்ல வேற விண்டோவுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும். அகலமான மானிட்டர்ல இது சகஜம். ரெசல்யூஷன 1920க்கு 1080ன்னு மாத்திப் பாத்தா காணாமப் போன பட்டன் கண்ணு முன்னாடி வந்து நிக்கும். கன்ட்ரோலர் சொருகி இருந்தா கழட்டுங்க, சில சமயம் கேம் மவுஸ விட்டுட்டு கன்ட்ரோலர் பட்டனுக்காக காத்துக்கிட்டு இருக்கும்.

கேள்வி எதுவும் இல்லன்னா

ஒரு நிமிஷம் சும்மா விடுங்க. அடிச்ச கார்டோட விளைவெல்லாம் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வரிசைல நிக்கும், முன்னாடி நிக்குறது முடிஞ்சாத்தான் அடுத்தது. செத்துப்போன ஆவி மேல விழ வேண்டிய அடி, இல்ல சாகுறப்ப இன்னொண்ண பெத்துப்போடுற ஆவி, இந்த மாதிரி எடத்துலதான் வரிசை அடைச்சுக்கும். அனிமேஷன் வேகத்த ரெண்டு மடங்கு மூணு மடங்குன்னு ஏத்தி வச்சிருந்தா செட்டிங்ஸ்ல சாதாரண வேகத்துக்கு இறக்குங்க, மாட்டிக்கிட்டது அதோட அவுந்துடுறதும் உண்டு.

அப்பவும் நகரலன்னா

எஸ்கேப் அமுக்கி, சேவ் அண்ட் க்விட் குடுத்து மெயின் மெனுவுக்கு வாங்க, அப்புறம் கன்டின்யூ. இந்த வகை கேம்ல நெறைய கேம் சண்டைக்குள்ள நுழையுறப்ப சேவ் பண்ணி வச்சிடும், அதனால அந்த சண்டை மட்டும் ஆரம்பத்துலருந்து திரும்ப வரும், ரன்னு போகாது. மெனுவே திறக்க மாட்டேங்குதுன்னா அப்பதான் ஆல்ட் எஃப்4, அதுவும் மூலைல சேவ் ஆகுற குறி சுத்திக்கிட்டு இருந்தா அது நிக்குற வரைக்கும் பொறுத்துட்டு.

திரும்ப அதே எடத்துல நின்னுட்டா

சீட் நம்பர் (ரன்னுல எந்த கார்டு எந்த வரிசைல வரும்னு முடிவு பண்ற எண்) மாறலங்குறதால அதே கார்டு அதே வரிசைல கைக்கு வரும், நீங்களும் அதே மாதிரி அடிச்சா அதே எடத்துல அடைக்கும். அடிக்குற வரிசைய மாத்துங்க. நான் முதல்ல மாத்தச் சொல்றது கடைசி அடிய: கூட்டமா எல்லாத்தையும் தாக்குற கார்டால ஒரே நேரத்துல ரெண்டு ஆவிய சாகடிக்காம, தனித்தனியா சாகடிங்க. சாபம், விஷம் மாதிரி டர்ன் முடிவுல வேலை செய்யுற விஷயத்தால கடைசி ஆவி சாகுறதுலயும் சிக்கல் வர்றதுண்டு, அந்த எடத்துல நேரடி அடியால முடிச்சிடுங்க.

எப்படி ஆடுனாலும் நிக்குதுன்னா அது உங்க பிசி கோளாறு இல்ல, கேமோட பக் (கேம் நிரல்ல இருக்குற தப்பு). டெவலப்பருக்கு எழுதுங்க. "கேம் ஹேங் ஆகுது"ன்னு ஒரு வரி எழுதுனா அவங்களால எதுவும் செய்ய முடியாது. சீட் நம்பர், சேவ் ஃபைல், லாக், கேம் வெர்ஷன், கடைசியா அடிச்ச மூணு நாலு கார்டு பேர் வரிசையா, இது இருந்தா அவங்க கம்ப்யூட்டர்லயே அந்த சண்டைய திரும்ப ஓட்டிப் பாக்கலாம். மாட் ஆன்ல இருந்தா அதையும் மறைக்காம சொல்லுங்க.

அறிகுறி: கன்டின்யூ பட்டனக் காணோம், ரன்னு போச்சு

இந்த நேரத்துல புது ரன் மட்டும் ஆரம்பிச்சிடாதீங்க. நெறைய கேம்ல ஒரே ஒரு ரன் சேவ்தான், புதுசு ஆரம்பிச்ச அடுத்த நொடி பழசு மேல எழுதிடும்.

ஸ்டீம் க்ளவுட் சண்டைன்னு ஒரு பெட்டி வந்துச்சுன்னா

ஒரு பக்கம் இந்த பிசில இருக்குற சேவ், இன்னொரு பக்கம் க்ளவுட்ல (ஸ்டீம் தன்னோட சர்வர்ல எடுத்து வச்ச காப்பி) இருக்குறது, ரெண்டும் ஒத்துப்போகல, எது வேணும்னு கேக்கும். ரெண்டுக்கும் கீழ தேதியும் நேரமும் போட்டிருக்கும், அத படிங்க. புதுசுதான் நல்லதுன்னு கண்ண மூடிட்டு எடுக்காதீங்க, ஏன்னா கோளாறுக்கு அப்புறம் கேம் எழுதுன காலி சேவ்தான் எல்லாத்தையும் விட புதுசா இருக்கும். கடைசியா நீங்க எப்ப ஆடுனீங்கன்னு யோசிச்சு அதுக்கு ஒத்துப்போற நேரத்த எடுங்க. சந்தேகம்னா கேன்சல் பண்ணிட்டு, லோக்கல் ஃபைல காப்பி எடுத்துட்டு அப்புறம் வாங்க.

பெட்டி எதுவும் வராம காணாமப் போயிருந்தா

1. சேவ் ஃபோல்டர்ல ஃபைல் இருக்கான்னு பாருங்க. இருந்து, அளவு 0 கேபின்னு காட்டுச்சுன்னா எழுதிக்கிட்டு இருக்குறப்ப கரண்ட் போயிருக்கும் இல்ல கேம் செத்திருக்கும். பக்கத்துலயே பேக்கப்னு முடியுற இன்னொரு ஃபைல் இருக்கான்னு தேடுங்க, பல கேம் அப்படி ஒண்ணு வச்சிருக்கும். அத காப்பி எடுத்து, ஒடஞ்சதோட பேர வைங்க.

2. இப்படி பழைய சேவ திரும்ப வைக்குறப்ப ஒரு வரிசை இருக்கு, அத மாத்துனா க்ளவுட் ஒங்க கண்ணு முன்னாடியே காலி சேவ கொண்டாந்து மேல போட்டுடும். கேம மூடுங்க, ப்ராப்பர்ட்டீஸ்ல ஸ்டீம் க்ளவுட அணைங்க, நல்ல ஃபைல வைங்க, கேம திறந்து கன்டின்யூ வருதான்னு பாத்து, வந்துச்சுன்னா மூடிட்டு க்ளவுட திரும்ப ஆன் பண்ணுங்க. அப்ப சண்டைப் பெட்டி வந்தா இந்த பிசில இருக்குறத தேர்ந்தெடுங்க.

3. பிசில எதுவுமே இல்லன்னாலும் விட்டுடாதீங்க. ப்ரௌசர்ல ஸ்டீம் கணக்குக்குள்ள போனா க்ளவுட்ல இருக்குற ஃபைல் எல்லாத்தையும் கேம் வாரியா காட்டுற பக்கம் ஒண்ணு இருக்கு, அங்கருந்து நேரா டவுன்லோட் பண்ணலாம். கேம திறந்து பாக்குறதுக்கு முன்னாடி இந்தப் பக்கத்தப் பாருங்க.

ஒவ்வொரு தடவயும் மூடித் திறந்தா பழைய நெலமைக்கே போகுதுன்னா

சேவ் எழுதவே முடியல. விண்டோஸ் செக்யூரிட்டில கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் ஆன்ல இருந்தா டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள்ள தெரியாத கேம் எதையும் எழுத விடாது, கேம அனுமதிப் பட்டியல்ல சேருங்க. டாக்குமென்ட்ஸ ஒன்ட்ரைவ் எடுத்துக்கிட்டு, அதுல எடம் ரொம்பிப் போயிருந்தாலும் குழப்பம் வரும். டிஸ்க்ல எடம் இருக்கான்னும் பாத்துடுங்க.

இதெல்லாம் தாண்டியும் ஃபைல் ஒடஞ்சுக்கிட்டே இருந்தா, அதுவும் வேற சாஃப்ட்வேர் ஃபைலும் கூட ஒடையுதுன்னா, கேம விட்டுட்டு டிஸ்க்கோட ஹெல்த்த பாக்கணும். டிஸ்க்க சோதிக்குற க்ரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டா "நல்லது", "எச்சரிக்கை", "மோசம்"னு நேரா சொல்லிடும். எச்சரிக்கைன்னு வந்தாலே முக்கியமானத எல்லாம் வேற டிஸ்க்குக்கு மாத்திட்டு மெக்கானிக்க கூப்பிடுங்க.

அறிகுறி: அடி கணக்கு தப்பா வருது

பக்னு வர்ற புகார்ல இதுதான் பெரும்பாலும் பக்கே இல்லாதது. 2019ல முழுசா வெளிவந்த ஸ்லே தி ஸ்பயர் பழக்கிவிட்ட கணக்கத்தான் அப்புறம் வந்த நெறைய கேம் பேர மட்டும் மாத்தி வச்சிருக்கு. அதுல எதிராளி மேல வல்னரபிள் இருந்தா அவன் வாங்குற அடி 50% கூடும், உங்க மேல வீக் இருந்தா நீங்க குடுக்குற அடி 25% கொறையும், பின்னம் வந்தா கீழ தள்ளிடும். 9 அடிக்குற கார்டு, ரெண்டும் ஒரே நேரத்துல இருக்கு. 9ல 25% போனா 6.75, அதோட பாதிய கூட்டுனா 10.125, கடைசில ஒரே ஒரு தடவ கீழ தள்ளி 10. நடுவுலயே 6ன்னு தள்ளிட்டு கணக்குப் போட்டீங்கன்னா 9ன்னு வரும், "ஒண்ணு அதிகமா வருதே"ன்னு தோணும். நீங்க ஆடுற கேம்ல சதவீதம் வேறயா இருக்கலாம், கார்டு மேல மவுஸ வச்சு வர்ற விளக்கத்த படிச்சுட்டு இதே மாதிரி பேப்பர்ல போட்டுப் பாருங்க.

கார்டு இழுக்குறப்ப வரலன்னா கை நிறைஞ்சிருக்கும், ஸ்லே தி ஸ்பயர்ல 10தான் வரம்பு. கார்டு காணாமப் போச்சுன்னா அந்த சண்டைக்கு மட்டும் விலகிப் போற வகையா இருக்கும். பேப்பர் கணக்கும் கேம் கணக்கும் அப்பவும் ஒத்துப்போகலன்னா ஸ்க்ரீன்ஷாட்டோட டெவலப்பருக்கு அனுப்புங்க.

அறிகுறி: கேம் திக்குது, லேப்டாப் கொதிக்குது

டர்ன் கேமுக்கு எதுக்கு இவ்ளோ சூடுன்னு கேப்பாங்க. காரணம் பெரும்பாலும் ஃப்ரேம் (ஒரு நொடிக்கு வரையுற படம்) வரம்பு இல்லாம ஓடுறது. நீங்க யோசிச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்குறப்ப கூட, அந்த மூடுபனிய கிராஃபிக்ஸ் கார்டு தன்னால முடிஞ்ச வேகத்துல வரைஞ்சுக்கிட்டே இருக்கும். வி-சிங்க் (மானிட்டர் வேகத்துக்கு மேல படம் வரையாம தடுக்குற வசதி) ஆன் பண்ணுங்க, இல்ல 60ல வரம்பு வைங்க, பேட்டரில ஆடுறப்ப 30 கூட இந்த வகை கேமுக்கு தாராளம். அடுத்தது மூடுபனி, பார்ட்டிகிள் ரெண்டையும் கொறைங்க. லேப்டாப்ல ரெண்டு கிராஃபிக்ஸ் இருந்தா விண்டோஸ் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸ்ல இந்த கேமுக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் குடுங்க.

ஆரம்பத்துல நல்லா ஓடி, ரொம்ப நேரம் ஆடுனப்புறம் மட்டும் திக்குதுன்னா டாஸ்க் மேனேஜர்ல கேம் எடுக்குற மெமரி ஏறிக்கிட்டே போகுதான்னு பாருங்க, ஏறுச்சுன்னா சண்டைக்கும் சண்டைக்கும் நடுவுல மூடித் திறக்குறதுதான் இப்போதைக்கு வழி. மெமரி ஏறல, ஆனா எந்த கேம் போட்டாலும் சூடு, ஃபேன் கத்துதுன்னா தூசி அடைச்சிருக்கும் இல்ல தெர்மல் பேஸ்ட் காஞ்சிருக்கும், லேப்டாப்ப பிரிச்சு பழக்கம் இல்லாதவங்க அத ஆள்கிட்டயே குடுத்துடுங்க.

அறிகுறி: சில்லறைத் தொல்லைங்க

எழுத்து கட்டம் கட்டமா வந்தா: அந்த மொழி எழுத்துரு கேம்ல இல்ல, மொழிய மாத்துங்க, மொழிபெயர்ப்பு மாட் இருந்தா எடுங்க.

ஒரு கார்ட அமுக்குனா பக்கத்து கார்டு எடுபடுது: விண்டோஸ் ஸ்கேலிங் 125%, 150%ன்னு இருக்கும். கேமோட இஎக்ஸ்இ ஃபைல் ப்ராப்பர்ட்டீஸ்ல கம்பாட்டிபிலிட்டிக்குப் போய் ஹை டிபிஐ ஸ்கேலிங்க அப்ளிகேஷன்கிட்ட விடுங்க.

யாரும் தொடாமயே கர்சர் நகருது: கன்ட்ரோலர் குச்சி தேஞ்சுபோச்சு. கழட்டிப் பாத்தா தெரிஞ்சிடும்.

அறிகுறி: கேம் இல்ல, பிசியே ரீஸ்டார்ட் ஆகுது

ஒரு கார்டு கேமால பிசிய முழுசா சாய்க்க முடியாது, அது ஏற்கனவே இருந்த கோளாற வெளிய கொண்டு வருது, அவ்வளவுதான். டிரைவர் அப்டேட் பண்ணுங்க, ஓவர்கிளாக் (குறிச்ச வேகத்த விட அதிகமா ஓட்டுறது) எதுவும் இருந்தா எடுங்க, பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற மதர்போர்டு செட்டிங்ஸ்) ராம கூடுதல் வேகத்துல ஓட்டுற எக்ஸ்எம்பி ப்ரொஃபைல அணைச்சுப் பாருங்க. ராம சோதிக்குற மெம்டெஸ்ட்86 ராத்திரி முழுக்க ஓட விடுங்க, ஒரே ஒரு பிழை வந்தாலும் முதல் சந்தேகம் ராம் மேலதான். ப்ளூ ஸ்க்ரீன் கூட வராம சட்டுன்னு அணையுதுன்னா பவர் சப்ளை, இல்லன்னா சூடு. அத வீட்டுல பிரிச்சுப் பாக்காதீங்க, பவர் சப்ளைக்குள்ள ப்ளக்க கழட்டினப்புறமும் மின்சாரம் தங்கியிருக்கும்.

இன்டெல் 13வது, 14வது தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர் வச்சிருக்கீங்கன்னா தனியா ஒரு சோதனை. அதுல அதிக வோல்டேஜ் போய் சில சிப்பு நாளடைவுல நிலை கொலையுறத 2024ல இன்டெலே ஒத்துக்கிட்டு, 0எக்ஸ்129, அப்புறம் 0எக்ஸ்12பின்னு மைக்ரோகோட் (பிராசசருக்குள்ளயே ஓடுற நிரல்) திருத்தம் விட்டாங்க, அது மதர்போர்டு பயாஸ் அப்டேட் வழியாத்தான் வரும். பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்டியையும் 2 வருஷம் கூட்டுனாங்க. அப்டேட் இனிமே வர்ற சேதத்தத்தான் தடுக்கும், ஏற்கனவே கெட்டுப்போன சிப்ப சரிபண்ணாது, அதனால பயாஸ் அப்டேட் பண்ணியும் க்ராஷ் நிக்கலன்னா பில்ல தேடி எடுத்து வாரன்டில மாத்திக் கேளுங்க.